மூடிய குழாய்க்குள் ஒரு நூற்றாண்டு

1927-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஒரு ஃபிரிட்ஜை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெள்ளை இரும்பு அலமாரி, வளைந்த கால்கள், தலைமேல் பெரிய உருளை ஒன்று. விலை சுமார் 300 டாலர். ஃபோர்டின் மாடல் டி காருக்கு அன்று கொடுக்க வேண்டியிருந்த தொகை இதைவிட வெகுவாக அதிகமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862-இல், சுழலும் பீரங்கிக் கோபுரத்தோடு களமிறங்கிய ‘மானிட்டர்’ என்ற இரும்புக் கப்பலை அந்த உருளை நினைவூட்டியது. அதனால் ‘மானிட்டர் டாப்’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அவற்றில் சில இன்றும் ஓடுகின்றன: தொழிற்சாலையில் அடைத்த அதே வாயு, யாரும் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத அதே கம்ப்ரசர்.

பழைய ஃபிரிட்ஜைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் இந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அது இத்தனை காலம் பிழைத்திருப்பதற்கான காரணம் புரிந்துவிட்டால், எந்தப் பழைய பெட்டியிலும் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

மண்பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. ஃபிரிட்ஜிலும் இதுவேதான் நடக்கிறது. பானையில் போன ஆவி போனதுதான். இங்கே அதைத் திரும்பப் பிடிக்கிறோம். கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடான வாயு, வெளிப்புறச் சுருளான கண்டென்சரில் தன் சூட்டை அறைக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. திரவம் ஒரு குறுகிய வாயில் வழியாக அழுத்தம் குறைந்த ஆவியாக்கிக்குள், அதாவது ஐஸ் உறையும் அறைக்குள் நுழைந்து மறுபடி ஆவியாகிறது. இந்தச் சுற்று பல வருடங்கள் ஓட வேண்டுமானால் உள்ளிருக்கும் வாயு வெளியே போகக் கூடாது. வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே வரக் கூடாது.

கேட்க எளிது. முதல் தலைமுறை வீட்டு ஃபிரிட்ஜ்களில் மோட்டார் வெளியே இருந்தது, கம்ப்ரசர் தனியாக இருந்தது, நடுவில் ஒரு பெல்ட். மோட்டாரின் சுழற்சி கம்ப்ரசருக்குள் போக ஓர் அச்சு அதன் சுவரைத் துளைத்துச் செல்ல வேண்டும். சுழலும் அச்சுக்கும் நிற்கும் சுவருக்கும் இடையே ஒரு சீல் இருந்தது. ஒவ்வொரு சுழற்சியிலும் அது கொஞ்சம் தேய்ந்தது. தேய்ந்த இடத்தில் வாயு கசிந்தது. மெக்கானிக் வந்து பெல்ட்டை இறுக்கி, சீலை மாற்றி, கேஸ் நிரப்பிவிட்டுப் போவார். சில மாதங்களில் மறுபடி வருவார்.

அச்சு சுவரைத் துளைக்காமல் இருக்க வேண்டுமானால் மோட்டாரையும் உள்ளே போட்டு மூடிவிட வேண்டும். இயந்திரம் முழுவதையும் மூடிவிடலாம் என்ற எண்ணத்துக்கு முன்னோடி, மார்செல் ஓடிஃப்ரென் என்ற பிரெஞ்சுத் துறவி. முழுவதும் மூடிய, சுழலும் குளிர்விப்பு இயந்திரம் ஒன்றை அவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடிவமைத்தார். ஜெனரல் எலக்ட்ரிக் தன் ஃபோர்ட் வேன் ஆலையில் அதை 1911 முதல் தயாரித்தது. அந்த அனுபவத்தின் மேல் நின்றுதான், டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த கிறிஸ்டியன் ஸ்டீன்ஸ்ட்ரப் என்ற பொறியாளர் மானிட்டர் டாப்பை வடிவமைத்தார். மோட்டார், கம்ப்ரசர், எண்ணெய், வாயு எல்லாம் ஒரே எஃகு உறைக்குள். வெளியே வருவது மின்கம்பிகளும் அசையாத குழாய்களும் மட்டும். உருளையைச் சுற்றி ஓடும் சுருள்தான் கண்டென்சர். சூடான காற்று இயல்பாகவே மேலே எழும் என்பதால் அதற்கு விசிறி தேவைப்படவில்லை. இன்றைய பார்வைக்கு விநோதமாகத் தெரியும் அந்தத் தலைப்பாகை, வெப்ப இயற்பியல் தெரிந்த ஒருவர் யோசித்து வைத்த இடம்.

உள்ளே ஆக்சிஜன் இல்லை, ஆகவே எண்ணெய் கெடுவதில்லை. நீர் இல்லை, ஆகவே துருவும் அமிலமும் இல்லை. பாகங்கள் எப்போதும் எண்ணெயில் நனைந்தபடியே ஓடுகின்றன. தேய்மானத்தில் பெரும்பகுதி இயந்திரம் கிளம்பும் சில நொடிகளில்தான் ஏற்படுகிறது. வேதிவினைக்கு வேண்டிய பொருள்களையே உள்ளே விடாமல் அடைத்த ஓர் உறைக்குக் காலம் பெரிதாக எதையும் செய்துவிட முடியாது. ஆகவே புதுப்பிப்பவரின் முதல் விதி: குளிர்விக்கும் சுற்று நன்றாக இருந்தால் அதன் மீது ஸ்பேனர் படக் கூடாது. அளவு பார்க்க வால்வு பொருத்துவது, ‘கொஞ்சம் கேஸ் ஏற்றிப் பார்ப்பது’, எண்ணெய் மாற்றுவது எல்லாம் இன்றைய ஏ.சி. வேலையிலிருந்து வந்த பழக்கங்கள். தொண்ணூறு வருடம் காய்ந்து கிடந்த உறைக்குள் ஒரு நிமிடம் ஈரக்காற்று போனாலும் அதன் ஆயுள் அன்றிலிருந்து குறையத் தொடங்கிவிடும்.

உள்ளே இருக்கும் வாயு எது என்பது அடுத்த கேள்வி. பெட்டியை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே, பெயர்த்தகட்டைப் பார்த்து இதற்கு விடை தெரிந்துகொண்டுவிட வேண்டும். 1930-க்கு முந்தைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது சல்ஃபர் டை ஆக்சைடு. மானிட்டர் டாப்பின் தொடக்க மாதிரிகளும் அப்படியே. பிந்தையவற்றில் சில மீத்தைல் ஃபார்மேட்டில் ஓடின. வேறு சில நிறுவனங்கள் மீத்தைல் குளோரைடைப் பயன்படுத்தின.

சல்ஃபர் டை ஆக்சைடு மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜுக்கு ஏற்ற குணம். மனிதருக்கு அது நஞ்சு. ஒரு கிலோ வாயு சாதாரண அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 380 லிட்டர் இடத்தை அடைக்கும். 30 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு சமையலறையில் அது முழுவதும் கசிந்தால் காற்றில் 1.3 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் சுமார் 13,000 பங்கு. பத்து லட்சத்தில் 100 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று பணிப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஒரு நல்ல விஷயம், மிகச் சிறிய அளவிலேயே மூக்கை எரித்து நம்மை அறையிலிருந்து விரட்டிவிடும். மீத்தைல் குளோரைடு அந்த எச்சரிக்கையைக்கூடத் தருவதில்லை. மணம் மிகக் குறைவு. தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். 1929-இல் சிகாகோ அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதன் கசிவால் பலர் இறந்தார்கள். பின்னர் கண்ணை எரிக்கும் அக்ரோலினைச் சிறிதளவு அதில் கலந்தார்கள். மீத்தைல் குளோரைடு அலுமினியத்தோடு சேர்ந்தால் காற்றுப் பட்டதும் தீப்பற்றும் பொருள் உருவாகும் என்பதால், அந்த வாயு உள்ள இயந்திரத்தில் இன்றைய அலுமினியப் பாகங்களைப் பொருத்தவே கூடாது.

பெர்லினில் ஒரு குடும்பம் ஃபிரிட்ஜ் கசிவில் இறந்துபோன செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் அவருடைய இளம் நண்பர் லியோ ஸிலார்டும் 1926-இல் அசையும் பாகங்களே இல்லாத ஃபிரிட்ஜ்களை வடிவமைக்க உட்கார்ந்தார்கள். சுழலும் பாகம் இல்லையென்றால் தேயும் சீல் இல்லை, கசிவும் இல்லை. பல நாடுகளில் காப்புரிமை பெற்றார்கள். திரவ உலோகத்தை மின்காந்தத்தால் நகர்த்தும் அவர்களது பம்பை ஏ.இ.ஜி. நிறுவனம் செய்து பார்த்தது. ஆனால் வேதியியல் முந்திக்கொண்டது. 1928-இல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்க்லியின் குழு, நஞ்சில்லாத, தீப்பற்றாத ஒரு வாயுவைக் கண்டுபிடித்தது. 1930-இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அதை நெஞ்சு நிறைய இழுத்து ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார் மிட்க்லி. பின்னாளில் ஆர்-12 என்று வழங்கிய அந்த ஃப்ரியான், வீட்டுக்குள் யாரையும் கொல்லவில்லை; மேலே ஓசோன் அடுக்கைத் தின்றது. வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974-இல் அதைப் பற்றி எச்சரித்தார்கள். அத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆகவே 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1990-கள் வரையிலான பழைய பெட்டி கையில் கிடைத்தால், அதன் வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது பெரிய தவறு. ஒரு கிலோ ஆர்-12, நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஏறத்தாழ 10 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான அளவு பூமியைச் சூடாக்கும். அதை இழுத்துச் சேமிக்கும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

வாயு இருக்கிறதா, கசிகிறதா என்பதைத் திறக்காமலே அறியலாம். சல்ஃபர் டை ஆக்சைடு இயந்திரமானால், அமோனியா நனைத்த பஞ்சை மூட்டுகளின் அருகே காட்டினால் போதும். கசிவுள்ள இடத்தில் வெண்புகை எழும். மீத்தைல் ஃபார்மேட்டில் கதை தலைகீழ். அது 32 டிகிரியில் கொதிப்பது. ஆவியாக்கியில் மைனஸ் 15 டிகிரி வேண்டுமானால் அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் எட்டில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். எனவே ஓட்டை இருந்தால் வாயு வெளியே வராது, காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். நீண்ட நேரம் ஓடியும் குளிர் வராமல் கண்டென்சர் மட்டும் கொதித்தால் காற்று புகுந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது மின்சாரம். பழைய ஃபிரிட்ஜைக் கண்டவுடன் பிளக்கைச் சொருகிப் பார்க்கும் ஆசையைக் கட்டுப்படுத்த வேண்டும். அந்தக் காலத்து மின்வடம், துணி சுற்றிய ரப்பர். ரப்பர் இறுகிப் பொடியாகியிருக்கும். எர்த் கம்பியே இருக்காது. முழு உடலும் இரும்பு, தரை ஈரம், கையும் ஈரம். வடத்தை எர்த் கம்பியோடு புதிதாக மாற்றிய பிறகு, மெக்கரை வைத்துச் சுருளுக்கும் உறைக்கும் இடையே மின்காப்பை அளக்க வேண்டும். சில மெகா ஓம் இருந்தால் நல்லது. அதற்கு வெகுவாகக் கீழே இருந்தால் ஓட்டக் கூடாது.

மோட்டாருக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று ஓடுவதற்கு, மற்றொன்று கிளப்புவதற்கு. கிளப்பும் சுருளின் கம்பி மெல்லியது. அதில் மின்சாரம் ஓடுவது ஓரிரு நொடிகள்தான். அதற்குப் பிறகு ரிலே அதைத் துண்டித்துவிட வேண்டும். ரிலேயின் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் அந்தச் சுருள் தொடர்ந்து மின்சாரம் வாங்கி எரிந்துபோகும். மூடிய உறைக்குள் எரிந்த மோட்டார் என்றால் அந்த இயந்திரத்தின் கதை பெரும்பாலும் முடிந்தது. எனவே உறைக்கு வெளியே இருக்கும் ரிலேதான் பழைய ஃபிரிட்ஜில் மிகுந்த கவனம் பெற வேண்டிய பாகம். அதைச் சுத்தம் செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால், அதே மோட்டாருக்குப் பொருந்தும் புதிய ரிலேயும் அதிகச் சுமையில் துண்டிக்கும் பாதுகாப்பும் சேர்க்க வேண்டும். அசல் பாகத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு இடத்தில் ‘அசல்’ என்ற பெருமைக்காக விட்டுக்கொடுக்காமல் இருப்பது முட்டாள்தனம்.

அமெரிக்கப் பெட்டியை நம் நாட்டில் ஓட்ட விரும்புவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது 115 வோல்ட், 60 சுழற்சிக்கானது. நம்முடையது 230 வோல்ட், 50 சுழற்சி. வெறும் 115 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போதாது. சுழற்சி குறைந்தால் அதே வோல்ட்டில் இரும்புக்கருவின் காந்தப்பாயம் கூடிச் சூடேறும். விகிதம் மாறாமல் இருக்க 115-ஐ ஆறில் ஐந்தாகக் குறைத்து, சுமார் 96 வோல்ட் கொடுக்க வேண்டும். மோட்டார் சற்று மெதுவாக ஓடும். குளிரும் அதே விகிதத்தில் குறையும்.

உண்மையில் புதுப்பிக்கும் வேலையில் பெரும்பகுதி அலமாரியில்தான். பழைய பெட்டி கரண்ட்டைத் தின்பதற்கும் வியர்ப்பதற்கும் அழுகிய வாடைக்கும் காரணம் பெரும்பாலும் சுவருக்குள் நனைந்துபோன காப்புப்பொருள். கார்க், கனிமக் கம்பளி, மரநார் போன்றவற்றை அந்நாளில் அடைத்தார்கள். அவற்றின் திறமை முழுவதும் அவற்றுக்குள் சிக்கிய காற்றில் இருக்கிறது. உலர்ந்த கார்க்கைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 15 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஐஸ் 50 மடங்கு. பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த ஏரிப் பனிக்கட்டி சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் வரை முழுவதும் உருகிவிடாமல் வந்ததும் மரத்தூளுக்குள் சிக்கிய காற்றின் தயவால்தான். அந்தக் கட்டடம் 1842-இல் எழுந்தது.

சுவருக்குள் தண்ணீர் எப்படி வருகிறது? உள்ளே சிந்திய தண்ணீர் இறங்கியிருக்கும் என்று பலர் உள்தகட்டின் இணைப்புகளைப் பூசி அடைப்பார்கள். பெரும்பாலும் ஈரம் வெளியிலிருந்து வருகிறது. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் 21 கிராம் நீராவி இருக்கும். 4 டிகிரியில் காற்று தாங்கக்கூடியது 6 கிராம் சொச்சம். ஆகவே நீராவி எப்போதும் சூடான வெளிப்பக்கத்திலிருந்து குளிர்ந்த உள்பக்கத்தை நோக்கி நகர்ந்து, உள்தகட்டின் முதுகில் போய் நீராகிறது. அடைக்க வேண்டியது வெளித்தகட்டின் இணைப்புகளை. காப்புப்பொருளை வெளியே எடுத்து வெயிலில் நன்றாகக் காயவைக்கலாம். மக்கிப்போயிருந்தால் புதிய கனிமக் கம்பளியை அதே தடிமனில் அடைக்கலாம். பழைய பொருளைக் கிளறும்போது முகக்கவசம் வேண்டும், சில பெட்டிகளில் கல்நார் இருக்கக்கூடும். பீய்ச்சி நிரப்பும் நுரையை நான் ஏற்கமாட்டேன். வெப்பத்தை நன்றாகத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் தகடோடு ஒட்டிக்கொண்டுவிடும், அதன்பின் அந்தப் பெட்டியைப் பிரிப்பது என்றால் உடைப்பதுதான்.

வண்ணத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை போதும்: அக்காலத்து வெள்ளைப் பூச்சில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த நிலையில் தேய்த்துப் புழுதி கிளப்பக் கூடாது. உட்புற எனாமல் கண்ணாடியைப் போன்றது. எலுமிச்சையும் வினிகரும் அதன் பளபளப்பை அரித்துவிடும். சோப்புத்தண்ணீரும் சமையல் சோடாவும் நல்லது. கதவின் ரப்பர் கேஸ்கட்டைச் சோதிக்க ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் சுலபமாக வழுகி வந்தால் அங்கே ஈரக்காற்றும் சுலபமாக உள்ளே போகும்.

கதவைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். அந்நாளைய கதவுகள் வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கொக்கி உடையவை. கண்ணாமூச்சி விளையாடி உள்ளே ஒளிந்த குழந்தைகள் மூச்சடைத்து இறந்திருக்கிறார்கள். உள்ளிருந்து தள்ளினாலே கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956-இல் சட்டம் போட்டது. காந்தக் கேஸ்கட் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். புதுப்பிக்கும் வேலை நடக்கும் மாதங்களில் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைக்க வேண்டும். வேலை முடிந்து, குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் அது நிற்கப்போகிறது என்றால் கொக்கியை எடுத்துவிட்டு வேறு பிடிமானம் வைக்க வேண்டும்.

ஓடத் தொடங்கிய பின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கண்டென்சர் மேல் படியும் தூசியைத் துடைக்க வேண்டும், அதைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விட வேண்டும். ஐஸ் விரலளவு தடிமனாவதற்கு முன் நிறுத்தி, கதவைத் திறந்துவைத்துத் தானாக உருகவிட வேண்டும். கத்தியால் கொத்தினால் ஆவியாக்கியில் ஓட்டை விழும். நஞ்சு நிறைந்த இயந்திரங்கள் பல இப்படித்தான் செத்தன. தானே ஐஸ் உருக்கும் வசதி இல்லாததால், நல்ல நிலையில் உள்ள இத்தகைய பெட்டி பயப்படும் அளவுக்குக் கரண்ட் தின்பதில்லை. 1970-களின் நடுவில் அமெரிக்க ஃபிரிட்ஜ்களின் சராசரி ஆண்டுக்கு 1,800 யூனிட்டை எட்டியதற்கு, பெரிய கொள்ளளவும் ஐஸ் உருக்க உள்ளேயே வைத்த ஹீட்டரும் முக்கியக் காரணங்கள்.

சரி, வாயு போய்விட்டது, சுற்று செத்துவிட்டது என்றால்? பலர் முதலில் கேட்பது, இன்றைய வாயுவை நிரப்பலாமா என்பதைத்தான். மைனஸ் 12 டிகிரியில் கொதிக்கும் ஐசோபியூட்டேன், சல்ஃபர் டை ஆக்சைடுக்கு மிக நெருக்கமாகத் தோன்றும். கொதிநிலை மட்டும் பார்த்து முடிவுசெய்தால் ஏமாற்றம் காத்திருக்கிறது. மானிட்டர் டாப்பின் தொடக்க மாதிரிகளில் திரவத்தை அளந்து விடுவது ஒரு மிதவை வால்வு. சல்ஃபர் டை ஆக்சைடு திரவத்தின் அடர்த்தி தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஐசோபியூட்டேன் திரவம் தண்ணீரில் பாதிக்குச் சற்றே மேல். கனமான திரவத்தில் மிதக்கச் செய்த உலோகப் பந்து, லேசான திரவத்தில் மூழ்கிப்போகலாம். மூழ்கினால் வால்வு திறக்காது. எண்ணெயின் போக்கும் மாறும்: பழைய திரவத்தின் மேல் எண்ணெய் மிதந்தது, புதியதில் கரைந்துவிடும். ஐசோபியூட்டேன் தீப்பற்றும்; அருகில் பொறி விடும் பழைய ரிலே. இன்னொரு இன்றைய வாயுவான ஆர்-134ஏ-யின் அழுத்தமோ, 40 டிகிரியில், பழைய வாயுவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்; அந்தச் சிறிய மோட்டார் அதைத் தள்ளத் திணறும். இவற்றையெல்லாம் கணக்கிட்டு வெற்றிகரமாக மாற்றியவர்கள் உண்டு. வால்வையே மாற்றி, உள்ளே முழுவதும் வெற்றிடமாக்கி, ஈரம் உறிஞ்சும் வடிகட்டி சேர்த்துச் செய்யும் நிபுணர் வேலை அது. தெருமுனைக் கடையில் அரை மணி நேரத்தில் நடப்பதல்ல.

அத்தகைய நிபுணர் கிடைக்கவில்லை என்றால், மேல் உருளையைத் தொடாமல் அலமாரியை மட்டும் புதுப்பித்து, பின்னாளில் வரப்போகும் ஒருவருக்காக விட்டுவைப்பதே நல்லது என்பேன். புதிய கம்ப்ரசரை அடியில் ஒளித்துவைப்பதற்காக அசல் குழாய்களை வெட்டுகிறவர்கள், நூற்றாண்டு தாண்டப்போகும் ஓர் உறையைப் பழைய இரும்பாக்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தால், உள்ளே ஈரம் போகாதபடி குழாய் முனைகளை அன்றைக்கே பற்றவைத்து மூடிவிட வேண்டும். உள்ளே இருந்த வாயு எது, எப்போது வெளியேறியது, எந்தக் கம்பி எங்கே போனது என்பதை ஒரு தகட்டில் எழுதி உருளையின் பின்பக்கம் கட்டித் தொங்கவிடுங்கள். பெட்டியை நகர்த்தும்போது நிமிர்த்தியே நகர்த்துங்கள். சாய்த்தால் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். சாய்க்க நேர்ந்திருந்தால், ஓட்டுவதற்கு முன் குறைந்தது ஒரு நாள் அசையாமல் நிற்கட்டும்.